சென்னையில் 15 லட்சமா, பெங்களூரில் 19 லட்சமா?

ஆறேழு வருட அனுபவமுள்ள ஒரு சாஃப்ட்வேர் ஊழியரிடம் இரண்டு ஆஃபர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் வருடத்துக்கு 15 லட்சம், பெங்களூரில் 19 லட்சம். வேலை ஏறக்குறைய ஒன்றுதான். நண்பர்களிடம் கேட்டால் பாதிப் பேர் "நாலு லட்சம் கூடுதல், இதில் யோசிக்க என்ன இருக்கு?" என்பார்கள். மீதிப் பேர் "அங்கே வாடகைக்கே சரியாப் போயிடும்" என்பார்கள். இந்த இரண்டு பதிலும் பழக்கதோஷத்தில் வருபவை. பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தால், இதே இரண்டு ஆஃபருக்கு ஆளைப் பொறுத்து நேர்மாறான விடை வருகிறது. கல்யாணம் ஆகாத ஒருவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு பெங்களூர் என்று சொல்லலாம். மனைவி, பள்ளிக்குப் போகும் பிள்ளை என்று இருப்பவருக்கு அந்த நாலு லட்சம் இருந்த இடம் தெரியாமல் போகலாம்.

அதனால் சம்பளத்தைச் சம்பளத்தோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்பதை ஒப்பிடலாம். மிச்சம் இரண்டு ஊரிலும் சமமாக வந்தால், அப்போது பார்க்க வேண்டியது வேறொன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாலு லட்சம் எவ்வளவாக வந்து சேரும்?

வருமான வரி இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். தொழில்வரியில்கூடப் பெரிய வித்தியாசம் இல்லை. சென்னையில் மாநகராட்சி ஆறு மாதத்துக்கு ஒருமுறை 1,250 ரூபாய் வாங்குகிறது. கர்நாடகத்தில் மாதாமாதம் 200 ரூபாய் பிடித்து, பிப்ரவரியில் மட்டும் 300 பிடிக்கிறார்கள். இரண்டுமே வருடத்துக்கு 2,500 ரூபாய்தான். அதற்கு மேல் எந்த மாநிலமும் வாங்கக்கூடாது என்று அரசியல் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது.

2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி கணக்கிடுவோம். நிலையான கழிவு 75,000 போக, 15 லட்சத்துக்கு வரி, செஸ் எல்லாம் சேர்த்து 97,500 ரூபாய். 19 லட்சத்துக்கு 1,71,600 ரூபாய். கூடுதல் நாலு லட்சத்தில் 74,100 ரூபாய் வரியாகவே போய்விடுகிறது. அடிப்படைச் சம்பளம் பாதி என்று கொண்டால் பி.எஃப். பிடித்தமும் வருடத்துக்கு 24,000 ரூபாய் ஏறும். அது நம் பணம்தான், ஆனால் மாதச் செலவுக்குக் கைகொடுக்காது. எல்லாம் போக, சென்னையில் மாதம் சுமார் 1,09,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். பெங்களூரில் சுமார் 1,34,000 வரும். ஆக நாலு லட்சம் என்பது மாதம் 25,000 ரூபாயாகிறது. இனி இந்த 25,000-ஐத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சம்பளம் இதைவிடக் குறைவாக இருக்கும்போது இன்னொரு சங்கதி குறுக்கே வருகிறது. புதிய வரிமுறையில் 12,75,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு வரியே இல்லை. சென்னையில் 12.5 லட்சம் வாங்குபவர் ஒரு பைசா வரி கட்டுவதில்லை. அவர் 15 லட்சத்துக்குப் பெங்களூர் போனால் 97,500 கட்டுவார். இரண்டரை லட்ச உயர்வு அங்கேயே ஒன்றரை லட்சமாகச் சுருங்கிவிடும். வீட்டு வாடகையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, அதற்குள் இந்தக் கதி.

சதவீதக் கணக்கை நான் நம்புவதில்லை. "பெங்களூர் என்றால் 20 சதவீதமாவது ஏற்றிக் கேள்" என்று ஒரு வாய்ப்பாடு எல்லாரிடமும் இருக்கிறது. 10 லட்சம் வாங்குபவருக்கு 20 சதவீதம் என்பது மாதம் 16,000 சொச்சம், ஒரு குடும்பத்துக்கு வாடகை வித்தியாசத்தைத் தாண்டவே மூச்சு வாங்கும். 30 லட்சம் வாங்குபவருக்கு அதே 20 சதவீதம், வரி போகவே மாதம் 34,000. வாடகையும் பள்ளிக் கட்டணமும் சம்பளத்தைப் பார்த்து ஏறுவதில்லை. அதனால் ரூபாயில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

ஆஃபர் லெட்டரின் இரண்டாம் பக்கம்

19 லட்சம் என்றேன். அது எந்த 19 லட்சம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் எண் சி.டி.சி., அதாவது நிறுவனம் உங்களுக்காகச் செலவழிக்கும் மொத்தத் தொகை. இணைப்பாக வரும் பட்டியலைப் பிரித்தால், அதற்குள் நிறுவனம் கட்டும் பி.எஃப். இருக்கும். அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று ஒரு வரி இருக்கும், ஐந்து வருடம் தாக்குப்பிடித்தால்தான் பொதுவாக அது கைக்கு வரும். குரூப் இன்ஷூரன்ஸ் பிரீமியம் இருக்கும். சில இடங்களில் ஆபீஸ் கேப், சாப்பாடுகூட ஏறி உட்கார்ந்திருக்கும். பிறகு வேரியபிள் பே, வருடத்துக்கு வருடம் கூடிக் குறையும் பகுதி. "100 சதவீதம் தருவோம்" என்று வாயால் சொல்வார்கள், போன வருடம் சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டால் பேச்சு மாறும்.

பெங்களூர் ஸ்டார்ட்-அப் ஆஃபர்களில் இன்னும் ஒரு படி மேலே போய், நான்கு வருடத்தில் தரப்போகும் இசாப் (ஊழியருக்கான நிறுவனப் பங்கு) மதிப்பையும் நான்கால் வகுத்துச் சி.டி.சி.யில் சேர்த்திருப்பார்கள். நிறுவனம் பங்குச்சந்தைக்கு வரும்வரை, அல்லது யாராவது வாங்க முன்வரும்வரை, அது காகிதம்தான். பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் பங்கு என்றால் கதை வேறு. கைக்கு வரும் நாளிலேயே சம்பளமாகக் கணக்கிட்டு வரி பிடிப்பார்கள், மீதியை விற்றுக் காசாக்கலாம். இரண்டையும் ஒரே கூடையில் போடக்கூடாது. சென்னை ஆஃபரில் ஃபிக்ஸட் 15, பெங்களூர் ஆஃபரில் ஃபிக்ஸட் 15.5-உம் மீதி வேரியபிளும் இசாப்பும் என்றால், ஒப்பிட வேண்டியது 15-ஐயும் 15.5-ஐயும்தான்.

ஒரே நிறுவனத்துக்குள் இடமாற்றம் என்றால் அதிகம் பேச வேண்டியதில்லை. பெரிய சர்வீஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் ஊரைப் பார்த்துச் சம்பளம் போடுவதில்லை. ஒரே கிரேடுக்கு சென்னை சிறுசேரியிலும் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஒரே சம்பளம். அப்படிப் போவது சம்பளக் குறைப்புக்குச் சமம். புராஜெக்ட் அவ்வளவு நல்லதா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வாடகையும் அட்வான்ஸும்

"பெங்களூரில் வாடகை என்ன?" என்று யாரிடமும் கேட்கக்கூடாது. பதில் 15,000-இலிருந்து 80,000 வரை வரும், எல்லாமே உண்மையாக இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி: இந்த ஆபீஸ் கேட்டிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் இருக்கும் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு இன்று என்ன வாடகை? ஊரின் வடக்கே மான்யதா பார்க்கில் ஆபீஸ் வைத்துக்கொண்டு, தெற்கே எலெக்ட்ரானிக் சிட்டியில் மலிவாக வீடு கிடைக்கிறது என்று போவது, சிறுசேரியில் வேலை பார்த்துக்கொண்டு ஆவடியில் வீடு எடுப்பது மாதிரி. மேப்பைத் திறந்து, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி என்று நேரத்தைக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பார்த்த தூரத்தை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் பெங்களூருக்குப் பழைய பேர் ஒன்று உண்டு: பத்து மாத வாடகை. இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கும் வீடு கிடைக்கிறது, ஆனாலும் பெரிய தொகைதான். 35,000 வாடகைக்கு ஆறு மாதம் என்றால் 2,10,000 ரூபாய் வட்டியில்லாமல் வீட்டுக்காரரிடம் கிடக்கும். காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது அங்கே எழுதப்படாத சட்டம். பல ஒப்பந்தங்களில் எழுதியே வைத்திருப்பார்கள். இரண்டு வருடத்தில் காலி செய்தால், உண்மையான வாடகை 24 மாதத்துக்கு அல்ல, 25 மாதத்துக்கு.

சென்னையும் இதில் உத்தமம் இல்லை. தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. ஆனால் வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் எல்லாரும் போய்வருகிறார்கள்.

சின்ன விஷயம் ஒன்று: மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால், வாடகைதாரரே 2 சதவீதம் வரி பிடித்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். சென்னையில் பலருக்கு இந்த நிலைமையே வந்திருக்காது. வொயிட்ஃபீல்டு, பெல்லந்தூர் பக்கம் பெரிய அடுக்குமாடிகளில் மூன்று பெட்ரூம் தேடுபவருக்கு வரலாம்.

பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு ஹெச்.ஆர்.ஏ. என்ற வீட்டு வாடகைப்படியில் ஒரு வேடிக்கை இருந்துவந்தது. 1962-ஆம் வருட விதிகள்படி சென்னை பெருநகரம், வாடகைச் சலுகைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை. வாடகைக்குப் பேர்போன பெங்களூர் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை, 40 சதவீதமாகத்தான் இருந்தது. புதிய வரிமுறையில் இந்தச் சலுகையே கிடையாது என்பதால், இன்று பெரும்பாலானவர்களுக்கு இது கணக்கில் வராது.

போக்குவரத்து

இரண்டு ஊரிலும் வலி ஒன்றுதான், வலிக்கும் இடம்தான் வேறு. பெங்களூரில் மெட்ரோ 2011-இல் ஓட ஆரம்பித்தது. வொயிட்ஃபீல்டுக்கு 2023-இல் முழுமையாகப் போய்ச் சேர்ந்தது. எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில் திறந்தார்கள். இந்த இரண்டு பாதையை ஒட்டி ஆபீஸும் வீடும் அமைந்தால், நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பின் பேரையே மறந்துவிடலாம். ஆனால் நிறைய ஆபீஸ்கள் அவுட்டர் ரிங் ரோட்டில் இருக்கின்றன, அங்கே மெட்ரோ வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. கட்டணத்தையும் கவனிக்க வேண்டும்: 2025 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணம் 60-இலிருந்து 90 ரூபாயாக ஏறியது. சென்னையில் அதிகபட்சம் 50 ரூபாய்.

சென்னையின் கதை ஓ.எம்.ஆர். என்ற பழைய மாமல்லபுரம் சாலையின் கதைதான். டைடல் பார்க் 2000-இல் வந்ததிலிருந்து ஊரே அந்தச் சாலையைப் பிடித்துக்கொண்டு தெற்கே நீண்டது, ரயில் மட்டும் கூட வரவில்லை. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போக வேண்டிய மெட்ரோவுக்காகச் சாலை நடுவில் தடுப்பு வைத்து வருடக்கணக்காகிறது. கிண்டி பக்கம் ஆபீஸ் இருப்பவர் அதிர்ஷ்டசாலி. அவருக்கு மெட்ரோ உண்டு, மின்சார ரயில் உண்டு, தாம்பரத்துக்கு அப்பால் குறைந்த வாடகையில் வீடெடுத்தும் நிம்மதியாகப் போய்வரலாம். மின்சார ரயிலுக்கு ஈடாகப் பெங்களூரில் எதுவும் இல்லை. தூரமாகத் தங்கி வாடகையை மிச்சம் பிடிக்கும் வழி அங்கே அடைபடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வண்டி வைத்திருப்பவருக்கு ஒரு பாடு கூடுதல். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் வண்டியை அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். கர்நாடகத்துக்கு ஆயுள் வரி கட்டி, இங்கே என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். நான்கு மாநிலங்களிலாவது ஆபீஸ் வைத்திருக்கும் நிறுவனத்தில் வேலை என்றால், புது வண்டிக்கு, மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத பி.ஹெச். வரிசை எண் வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

கரண்டு, தண்ணீர், மழை

கரண்டில் பெங்களூர் ஜெயிக்கிறது. அந்த ஊர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏசி இல்லாமல் வருடம் பூராவும் தள்ளிவிடலாம். கிருஹ ஜோதி திட்டத்தில் 2023 முதல் வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை, முந்தைய உபயோகத்தின் சராசரியை வைத்து, இலவசம். வாடகைக்கு இருப்பவரும் பதிந்துகொள்ளலாம். சென்னையில் கிடைக்கும் இலவச யூனிட் சித்திரை வெயிலில் எந்த மூலைக்கு? இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டண அடுக்கே மாறிவிடும். இரண்டு ஏசி ஓடும் வீட்டில் மே மாதத்தில் அது சர்வசாதாரணமாகத் தாண்டும். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனியாக வசூலித்தால் இன்னும் மோசம்.

தண்ணீரில் ஜெயித்தவர் யாருமில்லை. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டன, 2024 மார்ச்சில் பெங்களூர் ஆழ்துளைக் கிணறுகள் கைவிட்டன. அதே 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் பெங்களூருக்கு வந்தது. சென்னைக்கு மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றன. இருந்தாலும் ஓ.எம்.ஆரிலும் சரி, வொயிட்ஃபீல்டிலும் சரி, பல அடுக்குமாடிகள் இன்றும் லாரித் தண்ணீரை நம்பித்தான் ஓடுகின்றன. வீடு பார்க்கும்போது வாட்ச்மேனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஏப்ரல்ல ஒரு நாளைக்கு எத்தனை லாரி வரும்?" வீட்டுக்காரரும் புரோக்கரும் சொல்லாத விஷயத்தை அவர் சொல்லிவிடுவார்.

மழையை எண்ணி ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், தெருவைத் தேர்ந்தெடுங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளம் என்றால் வேளச்சேரிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. பெங்களூரில் 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கத்து பங்களாக்களிலேயே படகு ஓடியது.

பிள்ளைகள் பள்ளிக்கூடம்

கட்டணத்தைவிட மொழிதான் இங்கே பெரிய விஷயம். தமிழ்நாட்டில் 2006-ஆம் வருடச் சட்டத்தால் தமிழ் கட்டாயப் பாடம். கர்நாடகத்தில் 2015-ஆம் வருடச் சட்டத்தால் கன்னடம். ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைக்குச் சிக்கலில்லை, ஓடியாடிக் கற்றுக்கொள்ளும். ஐந்தாம், ஆறாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தால், கூடப் படிப்பவர்கள் கதை படிக்கும்போது இவன் அ, ஆ எழுதிக்கொண்டிருப்பான். டியூஷன் செலவைவிட அந்த வருடம் வீட்டில் நடக்கும் சண்டைதான் அதிகம். நான்கு வருடம் கழித்துச் சென்னைக்குத் திரும்பினால் இதே கதை தமிழில். அதனால் பிள்ளை மூன்றாம் வகுப்புக்கு மேல் என்றால், போய்ப் பார்த்துவிட்டு இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம் என்ற யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். போனால் பத்தாம் வகுப்புவரை அங்கேதான் என்று முடிவு பண்ணிக்கொண்டு போக வேண்டும்.

சேர்க்கைக் கட்டணம் என்று ஒருமுறை வாங்கும் தொகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர் மாறினால் அது மறுபடி முதலிலிருந்து.

சொந்த ஊர் எங்கே?

"பெங்களூர் தூரம்" என்று சொல்பவர்கள் சென்னையையே சொந்த ஊராக நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். சேலத்துக்காரருக்குப் பெங்களூர் 200 கிலோமீட்டர், சென்னை 340. கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்குப் பெங்களூர் பக்கத்து ஊர், சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். கோயம்புத்தூருக்கும் பெங்களூர்தான் கிட்டே. மதுரைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். கோவையிலிருந்து 2023 டிசம்பர் முதலும், மதுரையிலிருந்து 2024 ஆகஸ்ட் முதலும் பெங்களூருக்கு வந்தே பாரத் ஓடுகிறது. விழுப்புரம், கடலூர், செங்கல்பட்டுக்காரர்களுக்குத்தான் சென்னை தெளிவாக மிச்சம்.

அப்பா அம்மா சென்னையிலேயே இருக்கிறார்கள் என்றால் மாதம் இரண்டு தடவையாவது வரப்போக வேண்டியிருக்கும். தீபாவளி, பொங்கலுக்கு 60 நாளுக்கு முன்பே ரயில் முன்பதிவு திறக்கும் காலையில் கைபேசியோடு உட்கார வேண்டும். தவறினால் ஆம்னி பஸ்காரர் சொல்வதுதான் விலை.

இப்போது கூட்டிப் பார்ப்போம்

கீழே இருக்கும் செலவுகள் உதாரணத்துக்கு நான் வைத்துக்கொண்டவை. உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, ஒரு பிள்ளை, ஒருவர் சம்பளம்.

சென்னையில்: வாடகையும் மெயின்டனன்ஸும் 25,000. போக்குவரத்து 5,000. மளிகை, பால், வேலைக்கு வருபவர், மருந்து, கைச்செலவு எல்லாம் 35,000. பள்ளி 10,000. கரண்டு மாதத்துக்கு 3,500. ஊருக்குப் போய்வர 2,000. மொத்தம் 80,500. கையில் வரும் 1,09,000-இல் மிச்சம் 28,500.

பெங்களூரில்: வாடகை, மெயின்டனன்ஸ் 40,000. போக்குவரத்து 6,000. வீட்டுச் செலவு 38,000. பள்ளி 15,000. கரண்டு 1,000. ஊருக்குப் போய்வர 6,000. மொத்தம் 1,06,000. கையில் வரும் 1,34,000-இல் மிச்சம் 28,000.

நாலு லட்சம் போயே போச்சு. பி.எஃப். கணக்கில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஏறும்.

இதே ஆஃபரை இருபத்தெட்டு வயதுப் பிரம்மச்சாரிக்குப் போடுவோம். மூன்று பேர் சேர்ந்து வீடெடுக்கிறார்கள், அல்லது பி.ஜி. விடுதியில் தங்குகிறார். வாடகையில் அவர் பங்குக்கு மாதம் ஐயாயிரம் கூடும். வார இறுதிச் செலவு, ஊருக்குப் போய்வருவது எல்லாம் சேர்த்தால் இன்னொரு ஐயாயிரம். 25,000-இல் பதினைந்தாயிரம் அப்படியே மிஞ்சும். அவருக்குச் சந்தேகமே வேண்டாம்.

சென்னையில் சொந்த வீடு இருப்பவர்? இங்கேதான் பலர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். "சொந்த வீடு இருக்கும்போது அங்கே போய் ஏன் வாடகை கொடுக்கணும்?" என்பார்கள். நீங்கள் போனால் அந்த வீட்டை வாடகைக்கு விடலாமே. வரும் வாடகையில் 30 சதவீதக் கழிவு போக மீதிக்குத்தான் வரி. கணக்கு கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்துவிடும். அந்த வீட்டில் பெற்றோர் இருக்கிறார்கள், வாடகைக்கு விட முடியாது என்றால்தான் சொந்த வீடு உண்மையில் சென்னைப் பக்கம் எடை ஏற்றுகிறது. மாதம் இருபதாயிரத்துக்கு மேல் ஏற்றுகிறது. அதை ஈடுகட்டப் பெங்களூர்க்காரர் 19 அல்ல, 22, 23 லட்சமாவது தர வேண்டும்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு ஆஃபரை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்கவே கூடாது. மனைவியும் ஐ.டி. என்றால் பெங்களூரில் இருவருக்கும் சம்பளம் ஏறும், ஆனால் வாடகை ஒன்றுதான். மிச்சம் சட்டென்று எகிறும். மனைவி தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை.

மிச்சம் சமம் என்றால்

முன்னே சொன்ன அந்த வேறொன்று, அடுத்த வேலை. இப்போது சேரும் வேலையில் அநேகமாக மூன்று நான்கு வருடம் இருப்பீர்கள். அதற்குப் பிறகு எத்தனை கதவு திறந்திருக்கும்?

பெங்களூரில் ஃப்ளிப்கார்ட் 2007-இல் தொடங்கியது. அதிலிருந்து வெளியே வந்தவர்கள் தொடங்கிய நிறுவனங்கள், அவற்றிலிருந்து வந்தவர்கள் தொடங்கியவை என்று ஒரு பரம்பரையே இருக்கிறது. கூகுள், மைக்ரோசாஃப்ட், அமேசான் எல்லாம் பெரிய ஆபீஸ் வைத்திருக்கின்றன. ஒரு ஆஃபரைக் காட்டி இன்னொன்றை ஏற்றும் வித்தை அங்கே சுலபம். 90 நாள் நோட்டீஸ் காலத்துக்குள் மூன்று இன்டர்வியூ முடித்துவிடுவார்கள். 2022 கடைசியிலும் 2023-இலும் ஆட்குறைப்பு அலை வந்தபோது முதலில் அடிவாங்கியதில் இந்த ஊர் ஸ்டார்ட்-அப்களும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். வேலை போகும் வேகமும் அங்கே அதிகம், கிடைக்கும் வேகமும் அதிகம்.

சென்னையைச் சர்வீஸ் கம்பெனி ஊர் என்று ஒதுக்குவது பழைய பேச்சு. காக்னிசன்ட் 1994-இல் இங்கேதான் தொடங்கியது, உண்மைதான். ஆனால் ஜோஹோவும் இந்த ஊர்தான். 2010-இல் இங்கே தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-இல் நாஸ்டாக்கில் பட்டியலானது. வங்கி, கார் நிறுவனங்களின் தொழில்நுட்ப மையங்கள் நிறைய. பிசினஸ் சாஃப்ட்வேர், வங்கித் துறை, கார் சார்ந்த மென்பொருள் என்று இருப்பவருக்குச் சென்னையிலேயே ஐந்தாறு கதவு இருக்கும். நுகர்வோர் செயலிகள், பெரிய அளவு டேட்டா, சிப் வடிவமைப்பு மாதிரித் துறை என்றால் பெங்களூரோடு போட்டி போட முடியாது. உங்கள் துறைக்கு, உங்கள் அனுபவத்துக்கு, வேலை தேடும் இணையதளத்தில் இரண்டு ஊரையும் போட்டு இந்த வாரம் எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

என்னைக் கேட்டால்: அனுபவம் ஐந்து வருடத்துக்குள், குடும்பப் பொறுப்பு இல்லை என்றால், மிச்சம் சமமாக வந்தாலும் பெங்களூர் போகலாம். முதல் மாற்றத்தில் கிடைக்காதது இரண்டாவது மாற்றத்தில் கிடைக்கும். பத்து வருடம் தாண்டி, பிள்ளை பள்ளியில், வயதான பெற்றோர் சென்னையில் என்றால், மாத மிச்சம் குறைந்தது முப்பதாயிரமாவது கூடாமல் பெட்டி கட்ட வேண்டாம்.

நடுவில் மூன்றாவது வழியும் உண்டு: கர்நாடக எல்லையை ஒட்டிய தமிழ்நாட்டு ஊர் ஓசூர். ஆபீஸ் எலெக்ட்ரானிக் சிட்டியிலோ பொம்மசந்திராவிலோ இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது. பெங்களூர்ச் சம்பளம், தமிழ்நாட்டு வாடகை, பிள்ளைக்குத் தமிழ்ப் பாடம், வண்டிக்கு ஓசூரின் டி.என். 70 பதிவு எண். பொம்மசந்திரா மெட்ரோ அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர். அத்திப்பள்ளி எல்லையில் காலையும் மாலையும் நிற்கும் லாரி வரிசை மட்டும் இதற்கு விலை. ஆபீஸ் வொயிட்ஃபீல்டுக்கு மாறினால் திட்டம் அத்தோடு சரி.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கையெழுத்துப் போடும் முன் ஹெச்.ஆரிடம் மூன்று விஷயத்தை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் ஆபீஸ் வர வேண்டும், அது எந்த ஆபீஸ். ஜாயினிங் போனஸும் இடமாற்றச் செலவும் எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கேட்பார்கள், வரி பிடித்த தொகையையா, பிடிக்காத தொகையையா. வேரியபிள் பே சேர்ந்த முதல் வருடத்துக்கு உண்டா இல்லையா. போனில் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால், அதையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.